வாதத்திற்கு ஒரு நடுவர்

"தத்துவம் பேசாதே, வேலையைப் பார்" என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறோம். தத்துவம் என்றாலே வேலையற்றோர் பேச்சு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஷூ கம்பெனி விடும் நேரத்தில் ஒரு டீக்கடை அருகே கால்மணி நேரம் நின்று பாருங்கள். கடவுள் நல்லவர் என்றால் இந்தப் பிள்ளைக்கு ஏன் இந்த நோய்? எல்லாம் தலைவிதியா, அல்லது நம் செயலுக்கும் அதில் பங்கு உண்டா? பாலாற்றைக் கெடுத்தது யார், அதற்கு யார் பதில் சொல்வது? இவை எல்லாம் குருமடத்தில் நாம் மெய்யியல் என்ற பெயரில் படித்த அதே கேள்விகள்தாம்.

நம் மக்களிடம் கேள்விகளுக்குக் குறைவில்லை. அக்கேள்விகளைப் பலர் கூடி உட்கார்ந்து பேசும் முறைதான் குறைவாக இருக்கிறது. ஐந்தாம் நிமிடத்தில் குரல் உயர்கிறது. பத்தாம் நிமிடத்தில் கேள்வி மறந்துபோய் ஆளைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. பட்டிமன்றம் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். பண்டிகை நாளில் தொலைக்காட்சியில் வருவதை நாமும் விரும்பிப் பார்க்கிறோம். ஆனால் அங்கே நடுவரின் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்பது பாதி நிகழ்ச்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. பேசுகிறவரும் கைதட்டலுக்காகவே பேசுகிறார். எனவே அது வேறு வகை.

தமிழுக்கு இந்த முறை புதியதன்று. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் இருபத்தேழாம் காதையை எடுத்துக்கொள்வோம். தவசியின் உருவில் வஞ்சி மாநகரம் செல்லும் மணிமேகலை, அளவைவாதி தொடங்கிப் பூதவாதி முடியப் பத்துப் பேரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பெரும்பாலும் அவள் கேட்கிறாள், அவ்வளவுதான். இடையில் குறுக்கிட்டு மறுப்பதில்லை. இறுதியில் பூதவாதியிடம் மட்டும் சிரித்துவிடுகிறாள். கண்ணால் காண்பது தவிர வேறு அறிவு இல்லை என்பவரிடம், உன்னைப் பெற்றவர் இன்னார் என்பதை எப்படி அறிந்தாய் என்ற பொருளில் ஒரு கேள்வியும் கேட்கிறாள். நல்ல கேள்விதான். ஆனால் சாத்தனார் மணிமேகலையின் பக்கம் நிற்பவர் என்பதை மறக்கக் கூடாது. பூதவாதிக்கு இன்னும் இரண்டு அடி இடம் கொடுத்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு.

மேற்கே பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரீசுப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஒழுங்கு இருந்தது. ஆசிரியர் ஒரு கேள்வியை முன்வைப்பார். மாணவர்களும் பிறரும் தடைகளை எழுப்புவார்கள். இளநிலை ஆசிரியர் ஒருவர் முதலில் பதில் சொல்லிப் பார்ப்பார். எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் ஆசிரியர் தம் முடிவைச் சொல்வார். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நடந்த சிறப்பு வாதங்களில் யார் வேண்டுமானாலும் எதைப்பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம். புனித தோமா அக்குவினா அந்த அவைகளில் வளர்ந்தவர். அவருடைய 'இறையியல் சுருக்கம்' நூலைத் திறந்தால் எந்தப் பகுதியிலும் முதலில் வருவது அவருடைய கருத்தன்று, அவருக்கு எதிரான கருத்துகள். கடவுள் இருக்கிறாரா என்ற பகுதியில்கூடக் கடவுள் இல்லை என்பதற்கான காரணங்களே முதலில் நிற்கின்றன. அதிலும் முதலாவது, உலகில் தீமை இருக்கிறதே என்பது. இதைப் படித்த முதல் வாரத்தில் நம்மோடு இருந்த சகோதரர்கள் சிலர் திகைத்துப்போனது நினைவுக்கு வருகிறது.

நமக்குப் பாடம் எடுத்த வயதான பேராசிரியர் ஒருவர் இலத்தீனில் நடந்த பழைய வாத முறையை விளக்குவார். எதிராளி ஒரு வாதத்தைச் சொன்னதும், பதில் சொல்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு வாக்கியத்திற்கும் மூன்றில் ஒன்றைச் சொல்லலாம்: ஒப்புகிறேன், மறுக்கிறேன், பிரித்துப் பார்க்கிறேன். மூன்றாவதுதான் கடினம் என்பார் அவர். 'நீர் சொல்வது இந்தப் பொருளில் சரி, அந்தப் பொருளில் சரியன்று' என்று பிரிக்க வேண்டுமானால், எதிராளி சொன்னதை அவரைவிட நன்றாகப் புரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நம் மண்ணில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இராபர்ட் தெ நோபிலி அடிகளார். உரோமையில் 1577-இல் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி 1606-இல் மதுரைக்கு வந்தார். தமிழ் ஓரளவு வந்ததும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அங்கிருந்த இந்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு தொடர்ந்து இருபது நாள், நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து விவாதித்தது. கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை, அவசரமும் இல்லை. ஆசிரியர் கேட்டார், அடிகளார் பதில் சொன்னார். மறுநாள் மீண்டும் கேட்டார். பிற்காலத்தில் மறுபிறப்பைப் பற்றி 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்றும், ஆன்மாவைப் பற்றி 'ஆத்தும நிருணயம்' என்றும் அவர் தனி நூல்களே எழுதினார். இந்த ஊரார் என்ன கேட்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டவராலேயே அந்நூல்களை எழுத முடியும்.

அதே நோபிலி அடிகளார் மற்றொரு விவாதத்தையும் சந்திக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை சமய அடையாளங்களா, அல்லது சமுதாய வழக்கங்களா? இவை வெறும் வழக்கங்களே, திருமுழுக்குப் பெற்றவர் வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். மதுரையில் அவருக்கு முன்பே பணியாற்றி வந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் இதை ஏற்காமல் மேலிடத்திற்குப் புகார் எழுதினார். இறுதியில் 1619-இல் கோவாவில் ஒரு மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் கோவாப் பேராயர் கிறிஸ்தோவாவோ தெ சா. அவர் நோபிலியின் முறைக்கு எதிரானவர் என்பது அனைவரும் அறிந்தது. நோபிலி நேரில் நின்று தம் சான்றுகளை எடுத்து வைத்தார். அவையில் பெரும்பான்மையோர் எதிர்த்தனர். ஆயினும் விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அல்மெய்தா என்பவர் நோபிலியின் பக்கம் நின்றார். எல்லா ஆவணங்களும் ஐரோப்பாவுக்குச் சென்றன. 1623 சனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு நோபிலியின் முறைக்கு இசைவு தந்தார்.

மதுரையில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே. நடுவர் இல்லாமலேயே விவாதம் ஒழுங்காக நடந்தது. கோவாவில் நடுவர் இருந்தார், அவர் முன்பே முடிவெடுத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தவர். பேராயரை நாம் குறை கூறவில்லை. தம் மந்தையைப் பற்றிய கவலை அவருக்கு இருந்திருக்கும். ஆனால் அப்படி ஒருவர் நடுவில் அமர்ந்தால் அவையில் பேசுகிறவர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசாமல், நாற்காலியைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நோபிலி விவாதித்த அறையில் யார் இருந்தார்கள் என்பதோடு யார் இல்லை என்பதும் முக்கியம். தாழ்த்தப்பட்ட மக்கள் அந்த அறைக்குள் வர முடியவில்லை. அவர்களுக்கும் நெருங்கிப் பணியாற்றும் வகையில் 1640-இல்தான் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவு தொடங்கியது. நம் தோல் தொழில் ஊர்களின் பங்குகளில் இருப்பவர்கள் இந்த வரியைச் சும்மா கடந்துபோக மாட்டார்கள்.

நம் பங்கில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை இப்படி ஒரு சிந்தனைக் கூடுகை நடத்திப் பார்த்தோம். பதினைந்து பேருக்குள்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர், செவிலியர், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், ஒரு விவசாயி. டேனரியில் மேற்பார்வையாளராக இருக்கும் இசுலாமிய அண்டை வீட்டாரும் வருவார். முதல் கூடுகையின் கேள்வி, மாசுபடுத்தியவரே இழப்பைத் தர வேண்டும் என்பது முழு நீதியாகுமா என்பது.

இக்கேள்வி நம் ஊரிலிருந்தே நாட்டுக்குச் சென்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில்தான் 'முன்னெச்சரிக்கைக் கொள்கை', 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்கும் கொள்கை' இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தெளிவாக்கப்பட்டன. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வையும் அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 தண்டம் விதிக்கப்பட்டது. 2025 சனவரி 30-இல் அதே நீதிமன்றம் இழப்பீட்டைப் பற்றியும் பாலாற்றைச் சீர்படுத்துவதைப் பற்றியும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதே, கேள்வி இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டுகிறது.

அன்றைய கூடுகையைக் கெடுத்தவர் வேறு யாருமல்லர், நாமே. கேள்வியை அறிமுகப்படுத்துகிறோம் என்று தொடங்கி, ஆறு இறைவனின் கொடை, அதைக் கெடுத்தவர் பொறுப்பேற்க வேண்டும், இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை என்று இருபது நிமிடம் பேசிவிட்டோம். பிரசங்கப் பழக்கம்! பிறகு பேசியவர்கள் எல்லாரும் நாம் சொன்னதையே வேறு சொற்களில் சொன்னார்கள். அமைதியான, அழகான கூட்டம் என்று மகிழ்ந்தோம். முடிந்து வெளியே வரும்போது, சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்து கணவரை இழந்த ஒரு தாய், வாசலில் நின்று சொன்னார்: "நீங்களே முடிவைச் சொல்லிட்டீங்க ஃபாதர். அப்புறம் நாங்க என்னத்தப் பேசறது? டேனரிய மூடுனப்போ எங்க வீட்ல அடுப்பு எரியல. அத எங்க போய்ச் சொல்றது?"

கோவாப் பேராயரின் நாற்காலியில் அன்று நாமே அமர்ந்திருந்தோம்.

அடுத்த மாதமும் அதே கேள்வியை எடுத்தோம். இம்முறை நடுவராக இருந்த நாம் இறுதிவரை கருத்துச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரே ஒரு விதி வைத்தோம்: ஒருவருக்குப் பதில் சொல்லுமுன், அவர் சொன்னதை அவரே 'ஆம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலின் தொடக்கத்தில் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறார். பிறர் சொன்னதைக் கண்டிக்க முனைவதைவிட, அதற்கு நல்ல பொருள் காண முனைய வேண்டும். முடியாவிட்டால் அவர் எப்படிப் புரிந்துகொண்டு பேசினார் என்று அவரிடமே கேட்க வேண்டும் என்கிறார்.

கிணற்று நீர் கெட்டுத் தென்னையை இழந்த விவசாயி, அந்தத் தாயின் கருத்தைத் திருப்பிச் சொல்ல மூன்று முறை முயன்றார். முதல் முறை, "அவங்களுக்கு வேலைதான் முக்கியம், ஆறு முக்கியம் இல்ல" என்றார். "நான் அப்படிச் சொல்லல அண்ணே" என்றார் அந்தத் தாய். இரண்டாம் முறையும் பொருந்தவில்லை. மூன்றாம் முறை அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லாபத்துல பங்கு கெடைக்காதவங்க தலையில தண்டனையில மட்டும் பங்கு விழுதுன்னு சொல்றாங்க" என்றார். அவர் தலையசைத்தார். பிறகுதான் விவசாயி தம் பதிலைச் சொன்னார்: "சரிதான். ஆனா என் நெலமும் எந்த லாபத்துலயும் பங்கு வாங்கலயே." அதன்பின் பேசியவர்கள் எவரும் குரலை உயர்த்தவில்லை.

மேற்பார்வையாளர், மாசுபடுத்தியவர் என்றால் யார் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். முதலாளியா, வால்வைத் திறந்துவிட்ட ஆளா, கழிவுநீர் நிலையத்தைச் சரியாக நடத்தாதவரா, குறைந்த விலைக்கே தோல் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வெளிநாட்டு வாங்குநரா? மாணவர் ஒருவர் தம் காலில் இருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டார். இலத்தீன் படிக்காமலேயே எல்லாரும் அந்த மூன்றாவது சொல்லைக் கையாண்டார்கள். முடிவு எதுவும் எட்டவில்லை. விவசாயிக்கும் அந்தத் தாய்க்கும் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

எல்லாக் கூடுகையும் இப்படி அமையும் என்று நினைத்துவிட வேண்டாம். விதியைப் பற்றிய பேச்சு ஒருமுறை சொந்தக்காரர் இருவரின் பழைய சொத்துத் தகராறில் போய் முடிந்தது. பாதியில் நிறுத்தித் தேநீர் கொடுத்து அனுப்பினோம். அதிகம் படித்தவர் அதிக நேரம் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அதற்கு மேசைமேல் ஒரு கடிகாரம் வைத்தோம், அதைவிட நல்ல வழி தெரியவில்லை. நம்பிக்கையைக் குறித்த ஐயங்களை இப்படி வெளிப்படையாகப் பேசவிடலாமா என்று கேட்ட பெரியவருக்கு, அக்குவினாவின் நூலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டினோம். அவர் முழுவதும் ஒப்பவில்லை. ஆனால் அடுத்த மாதம் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

வரும் கூடுகைக்கான கேள்வியை அந்தத் தாயே கொடுத்திருக்கிறார்: செத்தவருக்கு நாம் பட்டிருக்கும் கடனை எப்படி அடைப்பது? நடுவராக இருக்கவும் அவரே சம்மதித்திருக்கிறார். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை நமக்கு.