வானமும் மண்ணும் – 14: சோழியில் கணித்த கிரகணம்

நிலா பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். கிட்டே வந்தால் சுமார் 3,63,000 கி.மீ., எட்டப் போனால் 4,05,000 கி.மீ. கிட்டே இருக்கும்போது ஒரே நாளில் 15 பாகை ஓடும்; எட்டப் போனதும் 12 பாகை அளவுக்கு வேகம் தளரும். கிரகணம் கணிக்கிறவர்களை அந்தக் காலத்தில் அதிகம் சோதித்தது இந்த ஓட்டம்தான். அதைத் தரையில் உட்கார்ந்தபடியே அளந்து காட்டிய புதுச்சேரிக்காரர் ஒருவரை இந்த வாரம் சந்திப்போம்.

ஜான் வாரன் மெட்ராஸ் வானாய்வகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். 1825-ல் வெளிவந்த அவருடைய 'கால சங்கலித' நூலில் புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் வருகிறார். வாரன் ஆங்கிலத்தில் எழுதிய பெயரைத் தமிழாக்கிப் படித்தால் சாமிநாதன் சேஷய்யா. அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் வந்த சந்திர கிரகணத்தைத் தாளோ எழுதுகோலோ இல்லாமல் கணித்தார். தரையில் சோழிகளை அடுக்குவார், எடுப்பார், நகர்த்துவார். அட்டவணை முழுக்க அவர் நாவில் இருந்தது.

அந்த அட்டவணைதான் வாக்கியம். எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்து, ஒவ்வொரு நாளும் நிலா எங்கே நிற்கும் என்பதை ஒரு சிறு தொடராகக் கட்டியிருப்பார்கள். மொத்தம் 248 வாக்கியங்கள். ஏன் 248? நிலா பூமிக்கு மிகக் கிட்டே வந்து, விலகி, மறுபடி அதே நெருக்கத்துக்கு வர 27.5545 நாள் ஆகும். ஒன்பதால் பெருக்குங்கள்: 247.99. ஆக 248 நாளுக்கு ஒருமுறை நிலாவின் வேகம் முதலிலிருந்து தொடங்குகிறது. மிஞ்சும் அந்தத் துளிப் பிழையையும் விடவில்லை. 110 சுற்றுக்கு 3031 நாள், 449 சுற்றுக்கு 12,372 நாள் என்று பெரிய சுழற்சிகளை வைத்துச் சரிக்கட்டினார்கள். இதை எழுதும்போதே எனக்கு உடல் சிலிர்க்கிறது. கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கபவர் 1952-ல் தமிழ் வானியல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

சேஷய்யாவின் விடையில் தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் மேகத்திடம் தோற்ற பிரெஞ்சுக்காரர் லெ ஜான்தீல் சொல்லும் கணக்கு வேறு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணிப்புக்கு 41 விநாடிதான் பிழை. ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயர் அட்டவணைக்கு 68 விநாடி. நம்மவர்கள் பெருமையாக மேற்கோள் காட்டுவது இந்த 41-ஐத்தான். 52-ஐயும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் வீட்டிலும் பாம்பு பஞ்சாங்கம்தான், அதாவது வாக்கியம். வானத்தைப் பார்த்து மூல எண்களைத் திருத்தாமல் விட்டால், துளிப் பிழை நூற்றாண்டுக் கணக்கில் சேரும். நிலாவைவிட சனியில் இது பளிச்சென்று தெரியும். வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17-ல் நடந்த சனிப்பெயர்ச்சியை, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் டிசம்பர் 20-ல் கொண்டாடியது. பதினோரு மாத இடைவெளி! கோயில் தன் மரபைக் காப்பதில் எனக்கு மறுப்பில்லை. வாக்கியங்களைக் கட்டியவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் கட்டினார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.

அடுத்த வாரம்: ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை? ராகு, கேது என்ற இரண்டு புள்ளிகள்.