பெட்டிக்கு முன்னால் புறப்பட வேண்டிய காகிதம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து விமான நிலையம் அதிகத் தூரமில்லை. மணக்காடு, வள்ளக்கடவு வழியாக ஆட்டோ பிடித்தால் கால்மணி நேரத்தில் போய்விடலாம். துபாயிலோ தோஹாவிலோ வீட்டைக் காலி செய்து விமானச் சரக்காக அனுப்பிய அட்டைப் பெட்டிகள் இந்தத் தூரத்தைக் கடந்து வாசலில் வந்து இறங்க, சில குடும்பங்களுக்கு ஒரே பகல் போதும். சில குடும்பங்களுக்கு வாரக்கணக்கில் இழுக்கும். பெட்டிக்குள் இருப்பது எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: துணிமணி, மிக்ஸி, குக்கர், பிள்ளைகளின் சைக்கிள், புத்தகங்கள், ஒரு டிவி. காகிதங்கள்தான் வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றன.

திருவனந்தபுரம் 1991-ல் சர்வதேச விமான நிலையமானது. கேரளத்தின் தென்பகுதிக்கு மட்டுமல்லாமல் நாகர்கோவில், மார்த்தாண்டம், தென்காசி பக்கத்து வளைகுடாத் தமிழர்களுக்கும் இதுவே வாசல். கப்பலில் கன்டெய்னராக வரும் வீட்டுச் சாமான் பெரும்பாலும் கொச்சி வல்லார்பாடத்திலோ தூத்துக்குடியிலோ இறங்கும். எங்கே இறங்கினாலும் சட்டம் ஒன்றுதான்.

அந்தச் சட்டம் 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். பயணியின் சாமானை அது ‘பேக்கேஜ்’ என்று தனியாகப் பிரித்து வைக்கிறது. உடன் வருவதும் தனியே அனுப்பி வைப்பதும் பேக்கேஜ்தான். கார், பைக் மட்டும் அதில் சேராது. பல ஆண்டு ஓட்டிய கார் என்றாலும் அது வேறு கணக்கு, வேறு வரி. சாமானின் சொந்தக்காரர் உள்ளே என்ன இருக்கிறதென்று சுங்கத்திடம் தாமே அறிவிக்க வேண்டும் என்கிறது 77-ஆம் பிரிவு. உண்மையான சொந்த உபயோகப் பொருளுக்கு வரிவிலக்கு தருகிறது 79-ஆம் பிரிவு. மற்ற விதிகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

வீட்டையே மாற்றிக்கொண்டு வருபவருக்கு உள்ள சலுகையை ஏஜென்டுகள் ‘டி.ஆர்.’ என்பார்கள். இருப்பிட மாற்றச் சலுகை. இதில் சாமானுக்கு முன்னால் ஆளைத்தான் அளக்கிறார்கள். 2016 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பேக்கேஜ் விதிகளில் வெளிநாட்டில் தங்கிய காலத்துக்கு ஏற்ப நான்கு படிகள் இருந்தன. மூன்று முதல் ஆறு மாதம் தங்கியவருக்கு 60,000 ரூபாய் மதிப்புள்ள வீட்டுச் சாமான் வரை வரியில்லை. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை என்றால் ஒரு லட்சம். கடந்த இரண்டு ஆண்டுகளில் குறைந்தது ஓராண்டு வெளியே இருந்தால் இரண்டு லட்சம். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ இருந்தால் ஐந்து லட்சம். மேல்படிக்கு நிபந்தனைகளும் இருந்தன: அந்த இரண்டு ஆண்டுகளில் ஊருக்கு வந்துபோன விடுமுறை நாட்கள் எல்லாம் சேர்த்து ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது, முந்தைய மூன்று ஆண்டுகளில் இதே சலுகையை வாங்கியிருக்கக்கூடாது. பத்தாண்டுக் காலம் இந்தக் கணக்கு ஓடியது. 2026 பிப்ரவரியில் புதிய விதிகள் வந்து தொகைகளைக் கூட்டின. தங்கிய காலத்தை வைத்துப் படி போடும் முறை மாறவில்லை. எனவே சாமான் கட்டும் மாதத்தில் எந்தத் தொகை அமலில் இருக்கிறதென்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தளத்தில் பார்த்துக்கொள்வதே முறை. முன்பு ஊர் திரும்பிய உறவினர் சொன்ன தொகையை நம்பிப் பெட்டி கட்டக்கூடாது.

தங்கிய நாட்களுக்குச் சாட்சி பாஸ்போர்ட். பலர் சறுக்குவதும் இங்கேதான். துபாய் விமான நிலையத்தின் ஸ்மார்ட் கேட்டில் முகத்தைக் காட்டிவிட்டு நடந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. வேகமாக வெளியே வந்த சந்தோஷம் அப்போது. சில ஆண்டு கழித்து, எந்தத் தேதியில் போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்று சுங்க அதிகாரி பக்கம் புரட்டும்போது அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். வேலை பார்த்த நாட்டின் குடியேற்றத் துறையிடம் வந்துபோன தேதிகளின் அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. விசா ரத்தான பிறகு ஊரிலிருந்து அதை வாங்குவது பெரும்பாடு. இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழைய புத்தகமும் கையில் இருக்க வேண்டும். அது பரணில் கட்டிப்போட்ட பெட்டியிலோ, அதைவிட மோசமாக, சுங்கத்தில் காத்திருக்கும் அதே பெட்டியிலோ இருக்கக்கூடாது.

சாமான் யார் பெயரில் வருகிறதோ அவருடைய தங்கல்தான் கணக்கில் வரும். ஏழு ஆண்டு வேலை பார்த்தவர் கணவர். ஒரே ஆண்டு உடனிருந்தவர் மனைவி. மனைவி முதலில் ஊருக்கு வருகிறார் என்பதற்காக ஏர்வே பில்லை, அதாவது விமானச் சரக்குச் சீட்டை, அவர் பெயரில் போட்டுவிட்டால் ஏழு ஆண்டின் பலன் கைவிட்டுப் போகும். தமிழர்களுக்கென்றே இன்னொரு தொல்லை இன்ஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கிடக்கும். சரக்கு ஏஜென்டோ கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்து ‘எஸ்.’ என்று ஒற்றை எழுத்தைப் போட்டுவிடுவார். இரண்டு பேரும் ஒருவரே என்று விளக்கக் கடிதம் எழுதி, ஏர்வே பில்லைத் திருத்தி வாங்குவதற்குள் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

தேதிக்கும் விதி உண்டு. 2016 விதிகளின்படி, தனியே வரும் சாமானைப் பயணி இந்தியா வந்த ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து அனுப்பியிருக்க வேண்டும் என்றிருந்தது. சாமான் முந்திக்கொண்டால், பயணி வருவதற்கு இரண்டு மாதம் முன்பு வரை அது இங்கே இறங்கலாம் என்றிருந்தது. நோய், இயற்கைச் சீற்றம், போக்குவரத்து முடக்கம் போன்ற காரணங்களால் பயணி வரத் தாமதமானால் அந்த இரண்டு மாதத்தை ஓராண்டு வரை நீட்டிக்க உதவி ஆணையருக்கோ துணை ஆணையருக்கோ அதிகாரம் இருந்தது. இன்னொன்று: சாதாரணப் பயணி உடன் கொண்டுவரும் பெட்டிக்குக் கிடைக்கும் பொது விலக்கு, டி.ஆர். இல்லாமல் தனியே அனுப்பிய பெட்டிக்குக் கிடைக்காது. பழைய சொந்த உபயோகப் பொருள் தப்பிக்கும்; புதிதாக வாங்கிய பொருளுக்கு வரி வரும்.

இனி, பேக்கிங் லிஸ்ட். எல்லாக் காகிதங்களிலும் அதிகக் கவனம் வேண்டியது இது. ஆனால் பெரும்பாலும் கடைசி இரவில் அவசரமாகக் கிறுக்கப்படுவதும் இதுதான். “சமையலறைச் சாமான், ஒரு பெட்டி” என்று எழுதினால் அந்தப் பெட்டி கட்டாயம் திறக்கப்படும். “பெட்டி 6: பிரஷர் குக்கர் 2, தோசைக்கல் 1, எவர்சில்வர் டப்பா 14, மிக்ஸி 1 (2019-ல் வாங்கியது), எல்லாம் உபயோகித்தவை” என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் இன்றைய மதிப்பைப் போட்டுக் கையெழுத்திட்டால், அதிகாரி ஓரிரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தாலே பட்டியலை நம்ப ஒரு காரணம் கிடைக்கும். பெட்டியின் மேலும் பக்கவாட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். ஏர்வே பில்லில் உள்ள பெட்டிகளின் எண்ணிக்கையும் பட்டியலில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். விலையைக் கண்டபடி குறைத்துப் போடுவதில் லாபமில்லை; மதிப்பை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில். விலை உயர்ந்த பொருளுக்குப் பழைய பில் இருந்தால் அதுவே பேசும்.

டிவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துபாயிலும் சிங்கப்பூரிலும் தட்டை டிவி மலிவு என்று ஊருக்கு வருபவர் எல்லாம் ஒன்றைத் தூக்கிவந்த காலம் 2013 ஆகஸ்ட் 26 அன்று முடிந்தது. அன்று முதல் எல்.சி.டி., எல்.இ.டி., பிளாஸ்மா டிவிகள் இலவச வரம்புக்கு வெளியே போயின. வரி 35 சதவீதம். 2018-ல் சமூக நலக் கூடுதல் வரி சேர்ந்து மொத்தம் 38.5 சதவீதமானது. 40,000 ரூபாய் மதிப்புள்ள டிவிக்கு 15,400 ரூபாய் வரி. இரண்டு ஆண்டு பழைய டிவியை இந்தச் செலவில் கொண்டுவருவதைவிட அங்கேயே விற்றுவிட்டு வருவது பல குடும்பங்களுக்கு நல்லது. 2016 விதிகளில் 300 லிட்டருக்கு மேற்பட்ட ஃபிரிட்ஜ், டிஷ்வாஷர், டீப் ஃப்ரீசர் ஆகியவை வேறு பட்டியலில் இருந்தன. வாஷிங் மெஷின், 300 லிட்டர் வரையிலான ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், லேப்டாப் ஆகியவை சலுகைப் பட்டியலில் இருந்தன. செடி, விதைக்குத் தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி வேண்டும். ட்ரோன் இறக்குமதி 2022 பிப்ரவரியிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய ட்ரோன் ஒன்றால் மொத்தச் சரக்கும் நின்றுபோகக்கூடும்.

சரக்கு இறங்கியதும் விமான நிறுவனத்திடமோ கப்பல் ஏஜென்டிடமோ டெலிவரி ஆர்டர் வாங்க வேண்டும். பாஸ்போர்ட், பட்டியல், ஏர்வே பில், விசா ரத்துக் காகிதம் ஆகியவற்றோடு பேக்கேஜ் அறிவிப்பு கொடுத்து, பெட்டி பிரிக்கும்போது கூட நின்று, வரி இருந்தால் கட்டி, கேட் பாஸ் எடுக்க வேண்டும். உரிமம் பெற்ற கஸ்டம்ஸ் புரோக்கர் இதைச் செய்து தருவார். ஆனாலும் அறிவிப்பில் உள்ள கையெழுத்துக்குப் பொறுப்பு சாமானின் சொந்தக்காரரே. இறக்கிய 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை நோட்டீஸ் கொடுத்து விற்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு வெகு முன்பே டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் சாமானின் விலையைத் தின்றுவிடும்.

அதிகாரிகள் இவ்வளவு துருவுவது ஏன் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதே ஊரில் ஒரு பதில் உண்டு. 2020 ஜூலை 5 அன்று, ஐக்கிய அரபு அமீரகத் துணைத் தூதரகத்தின் முகவரிக்குத் தூதரகப் பொதியாக வந்த சரக்கைச் சுங்கத்துறை இங்கே திறந்தபோது, குளியலறைச் சாமான்களுக்குள் 30 கிலோ தங்கம் இருந்தது. வீட்டுச் சாமான் என்ற பெயரில் எதுவும் வரலாம் என்பதைப் பார்த்தவர்கள் எவர்சில்வர் டப்பாவைத் தட்டிப் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் பட்டியல் எழுத நேரமே கிடைக்காதவர்களும் உண்டு. 1990-ல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் அழைத்துவரப்பட்டார்கள். அவர்களில் மலையாளிகள் ஏராளம். பலர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கைப்பையோடு வந்தார்கள். அதற்கும் முன்னால், 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பும் மலையகத் தமிழ்க் குடும்பம் கொண்டுவரும் சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் காட்டில் உழைத்தவர்களுக்கு அவ்வளவுதான் உத்தரவாதம். 2020-ல் கொரோனா காலத்தில் வேலை போய் வந்தவர்களில் இரண்டு ஆண்டு நிறைய ஒன்றிரண்டு மாதமே பாக்கி இருந்தவர்களும் இருந்தார்கள்.

இப்படி அவசரமாகத் திரும்ப நேர்பவர்களுக்காகத்தான் 2016 விதிகளில் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது. தங்கிய காலம் இரண்டு மாதம் வரை குறைந்தாலும், தக்க காரணம் இருந்தால் உதவி ஆணையரோ துணை ஆணையரோ அதை மன்னிக்கலாம் என்றிருந்தது. ஊரில் கழித்த நாட்கள் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் ஆணையர் மன்னிக்கலாம் என்றும் இருந்தது. ஆனால் யாராவது மனு எழுதிக் கேட்டால்தான் அதிகாரியின் பேனா நகரும். வேலைநீக்கக் கடிதம், மருத்துவச் சான்று, நிறுவனம் மூடப்பட்டதற்கான கடிதம் என்று காரணத்தைக் காட்டும் காகிதத்தை இணைத்துக் கேட்பது பயணியின் உரிமை. கவுன்டரில் ‘கிடையாது’ என்று ஒருவர் வாயால் சொன்னதும் வரியைக் கட்டிவிட்டு வீடு திரும்புவது, கேட்காமலே இழப்பது. இந்த மன்னிப்பு விதியை எழுதி விமான நிலையச் சுவரிலேயே ஒட்டிவைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இறந்துபோனவரின் சாமானுக்கும் வழி இருக்கிறது, அதுவும் பலருக்குத் தெரிவதில்லை. அவர் உபயோகித்த சொந்தப் பொருட்களும் வீட்டுச் சாமான்களும் அவருடையவைதான் என்று அந்த நாட்டு இந்தியத் தூதரகம் சான்று கொடுத்தால் வரியில்லாமல் கொண்டுவரலாம். உடலை அனுப்புவதற்கான தடையின்மைச் சான்றுக்குத் தூதரகம் போகும் நண்பரிடமோ உறவினரிடமோ அன்றைக்கே இந்தச் சான்றையும் கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டை ரத்து செய்வதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.