உங்களுக்குத் தெரியுமா? துணைக்கு ஒருவர் இருந்தால் போதும்!

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை, உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் 40 வயது வரை தொடர்ந்து கவனித்து வந்தார்கள்.

● அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிரசவச் சிக்கல், பெற்றோரின் ஓயாத சண்டை, குடிப்பழக்கம், மனநோய் எனப் பல இன்னல்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள்.

● இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 10 வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறினார்கள். அல்லது 18 வயதுக்குள் குற்றச்செயல், மனநலக் குறைபாடு போன்றவற்றில் சிக்கினார்கள்.

● மீதிப் பங்கினரோ தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், குடும்பத்தைப் பொறுப்போடு நடத்தினார்கள்.

● அவர்களுக்குக் கைகொடுத்தது எது? நிலையான அன்பு காட்டிய ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். பெற்றோரால் முடியாதபோது பாட்டி, தாத்தா, அக்கா, அண்ணன் ஆகியோர் அந்த இடத்தை நிரப்பினார்கள். வெளியே ஆசிரியர்களும் அக்கம்பக்கத்தாரும் ஆதரவாக இருந்தார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற வீட்டுப் பொறுப்புகளும் அவர்களைப் பக்குவப்படுத்தின.

● பதின்ம வயதில் தடம் மாறியவர்களிலும் பலர் 30 வயதைத் தாண்டியபோது மீண்டிருந்தார்கள். மேற்படிப்பு, ராணுவப் பணி, நல்ல இல்லறம் ஆகியவை அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பைத் தந்தன.

துன்பத்தில் வளரும் எந்தக் குழந்தையையும் 'இது உருப்படாது' என்று ஒதுக்காதீர்கள். அதற்குத் தேவையான அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம்.