தேநீருக்கு ஏற்ற துணை எது?

இத்தாலி நாட்டிலே, வெரோனா நகருக்குக் கிழக்கேயுள்ள சோவே என்னும் குன்றுப் பகுதியில், கார்கனேகா என்ற திராட்சையிலிருந்து இனிப்பற்ற வெள்ளை மதுவொன்றை வடிக்கிறார்கள். அதனை மீனுணவோடு அருந்துவது அந்நாட்டார் வழக்கம். மதுவின் புளிப்பு, மீனின் எண்ணெய்ப் பசையை நாவிலிருந்து அகற்றிவிடுமாம். மது நம் பந்திக்கு உரியதன்று. ஆயினும், பானத்திற்கும் உணவிற்கும் பொருத்தம் பார்க்கும் அந்த அறிவு நமக்கும் வேண்டியதே. தான் விளைந்த மண்ணின் பெயரால் உலகெங்கும் மதிக்கப்படும் பானம் ஒன்று நம் மலைநாட்டிலும் உண்டன்றோ?

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். பின்னர் இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்கவே, மலைகளெல்லாம் தேயிலையாயின. ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவிற் குளிரினாற் கொழுந்து மெல்ல வளர்கிறது. அதன் சாயம் இளம்பொன் நிறமும் மலரையொத்த மணமும் உடையது. அதனைச் சாம்பேன் மதுவுக்கு ஒப்பிடுவது தேயிலை வணிகர் மரபு. ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலை ஆகிய இடங்களை உள்ளடக்கிய திம்புள்ளைப் பகுதித் தேயிலையோ சற்றுத் திண்ணிய சுவை கொண்டது. ஆண்டின் முதன் மூன்று மாதங்களில், வறண்ட குளிர்காற்று வீசும்போது பறிக்கும் கொழுந்தே இப்பகுதிகளிற் சிறந்தது.

இனிப் பொருத்தம் பார்ப்போம். தேநீரின் துவர்ப்பு, உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நாவிலே தோன்றுவது. எண்ணெயிற் பொரித்த பருப்பு வடையை உண்டபின் ஒரு மிடறு சாயம் அருந்தினால் வாய் தெளிந்துவிடுவது இதனாலேயே. பாலிலுள்ள புரதமும் இத்துவர்ப்பைப் பற்றி அடக்கிவிடும். ஆதலால் நுவரெலியாத் தேயிலைக்குப் பால் வேண்டாம். உப்பிட்ட பிஸ்கற்றோ வெள்ளரித் துண்டு வைத்த பாணோ போதும். திம்புள்ளைத் தேயிலை பாலையும் தாங்கும். வடைக்கும் காரத்திற்கும் ஈடுகொடுக்கும். பாயசம் போன்ற மிகுந்த இனிப்போடு இவ்விரண்டும் சுவை இழக்கும்.

நாவிற்குப் பொருந்துவதெல்லாம் உடலுக்குப் பொருந்துமா? இக்கேள்வி ஹற்றனுக்கு அண்மையில், மாணவன் ஒருவனின் லயத்து வீட்டிலே நமக்கு எழுந்தது. அவனுடைய அன்னையார் நம்மை அமர்த்தி, தேங்காய் ரொட்டியும் காரச் சம்பலும் ஆவி பறக்கும் சாயமும் வைத்தார். சுவைக்கு அதனினும் ஏற்ற சேர்க்கை வேறில்லை. ஆனால், அவர் முகம் வெளுத்திருந்தது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கிற்று. இரத்தம் குறைவென்று மருந்துச்சாலையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவர் அதனைத் தேநீரோடே விழுங்கினார்.

"தேநீரோடா அம்மா?" என்றோம்.

"சாயத்தண்ணி இல்லாம தொண்டையில எதுவும் எறங்காதுங்க, ஐயா" என்றார் சிரித்தபடி.

துவர்ப்பைத் தரும் அதே பொருள்களே, ரொட்டி, கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தையும் குடலிலே பற்றிக்கொண்டு, உடலிற் சேராமற் பெருமளவு தடுத்துவிடுகின்றன. மாத்திரைக்கும் அதே கதிதான். மலைநாட்டுப் பெண்களிடையே இரத்தசோகை நெடுங்காலமாகவே உள்ள குறை. வறுமையும் மரக்கறியே மிகுந்த உணவும் அதற்குரிய பெருங்காரணங்கள். உணவோடு அருந்தும் சாயம் அக்குறையை மேலும் வளர்க்கிறது.

இதற்குப் பரிகாரம் தேநீரைத் துறப்பதன்று, பொழுதை மாற்றுவதே. உணவுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணித்தியாலமாவது கழியட்டும். சம்பலிலே தேசிக்காய் பிழிந்துகொண்டால், அதன் உயிர்ச்சத்து இரும்பை உடலிற் சேர்க்கத் துணைபுரியும். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குக. விடியலில் ரொட்டியும் தண்ணீரும், மலையிற் பத்து மணியளவிற் சாயம் என்று அவ்வன்னையாரோடு பேசி ஒரு முறை வகுத்தோம்.

சில மாதங்களின் பின் மாணவன் வந்தான். "அம்மா இப்போது மாத்திரைக்குத் தண்ணீர்தான் குடிக்கிறார், சேர். பத்து மணிச் சாயத்தை மட்டும் யார் சொன்னாலும் விடமாட்டாராம்" என்றான்.

விடவேண்டியதில்லை. உலகத்தார் விலை கொடுத்து வாங்கும் அந்த மணம், கொழுந்தைப் பறிக்கும் கைகளுக்கும் உரியதே. அது அவர்தம் இரத்தத்தைக் குறைக்காமல் வந்து சேரட்டும்.