வரலாறு பயில எந்தப் பல்கலைக்கழகம்?

எஸ்.பி.எம். அல்லது எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் பிறகு ஓர் உயர்கல்விக்கூடத்தில் சேரும் மாணவர்கள் எல்லாரும் அங்கேயே படிப்பை முடிப்பதில்லை. சிலர் தனியார் கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்காக வேறு பல்கலைக்கழகத்தை நாடுகின்றனர். சிலர் வேறொரு துறையில் ஓராண்டு பயின்ற பிறகே தங்கள் நாட்டம் வரலாற்றில் இருப்பதை உணர்கின்றனர். வேறு சிலர் குடும்பச் சூழலாலும் செலவாலும் வீட்டுக்கு அருகில் வந்து படிக்க விரும்புகின்றனர். இவ்வாறு கல்விக்கூடம் மாறும் மாணவர்கள், முதன்முறை விண்ணப்பிப்போரைவிடக் கூடுதலாகச் சிலவற்றை ஆராய வேண்டியுள்ளது. அதிலும் வரலாற்றுத் துறை மாணவர், தாம் அறிய விரும்பும் காலத்தின் சான்றுகள் எங்கே உள்ளன என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மலேசியாவில் வரலாற்றை முதன்மைப் பாடமாகப் பயிலும் வாய்ப்பு பெரும்பாலும் பொதுப் பல்கலைக்கழகங்களிலேயே உள்ளது. அவற்றுள் மூத்தது மலாயாப் பல்கலைக்கழகம். 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற இப்பல்கலைக்கழகம், 1962ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கி வருகிறது. தேசிய மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்டு 1970ஆம் ஆண்டில் உருவான மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பாங்கியில் உள்ளது. தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனமே இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. கோம்பாக்கில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம், கோத்தா கினபாலுவில் உள்ள மலேசிய சபா பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் வரலாறு கற்பிக்கப்படுகிறது.

கல்விக்கூடம் மாற எண்ணும் மாணவர் முதலில் தெளிவு பெற வேண்டியது கிரெடிட் மாற்றத்தைப் பற்றியாகும். கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் கற்றல் சுமையைக் காட்டும் அளவு. நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை, கலந்துரையாடல், நூலக வாசிப்பு, தேர்வுக்கான ஆயத்தம் ஆகிய அனைத்தும் அந்த 40 மணி நேரத்தில் அடங்கும். இளங்கலைப் பட்டம் பெறக் குறைந்தது 120 கிரெடிட்டுகள் தேவை. முன்பு பயின்ற பாடத்தைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் அதனை மீண்டும் படிக்க வேண்டியதில்லை. ஆனால், அந்தப் பாடத்தில் பொதுவாகக் குறைந்தது 'சி' நிலையில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்; இரு பாடங்களின் உள்ளடக்கமும் பெருமளவு ஒத்திருக்க வேண்டும். முன்பு பயின்ற படிப்பு, எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதும் கவனிக்கப்படும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். பண்டமாரானைச் சேர்ந்த ஒரு மாணவி தனியார் கல்விக்கூடம் ஒன்றில் 60 கிரெடிட்டுகளை முடித்திருக்கிறார் எனக் கொள்வோம். அவற்றுள் 45 கிரெடிட்டுகளை ஒரு பல்கலைக்கழகம் ஏற்கிறது. மற்றொன்று 27 கிரெடிட்டுகளை மட்டுமே ஏற்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 18 கிரெடிட். அது ஏறக்குறைய ஒரு முழுத் தவணைப் படிப்பாகும். ஒரு தவணை நீண்டால் கட்டணம், தங்கும் செலவு, பயணச் செலவு அனைத்தும் கூடும். வேலையில் சேரும் காலமும் தள்ளிப்போகும். ஆகவே, எத்தனை கிரெடிட்டுகள் ஏற்கப்படும் என்பதை வாய்மொழியாகக் கேட்டு நம்பிவிடாமல் எழுத்து வடிவில் பெறுவதே பாதுகாப்பானது. அதற்குப் பழைய பாடங்களின் விளக்கக் குறிப்புகளையும் புள்ளிப் பட்டியலையும் பத்திரமாக வைத்திருத்தல் அவசியம். பொதுப் பல்கலைக்கழகங்களில் புதிதாக விண்ணப்பித்து இடம் கிடைத்த பின்னரே கிரெடிட் விலக்குக் கோருவது பெரும்பாலும் வழக்கம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவதாக, கற்பிப்பவர்களின் ஆய்வுத் துறையை அறிய வேண்டும். வரலாறு மிகப் பரந்த துறை. தென்கிழக்காசிய வரலாறு, இஸ்லாமிய நாகரிகம், பொருளாதார வரலாறு, போர் வரலாறு எனப் பல பிரிவுகள் அதில் உள்ளன. எல்லாப் பிரிவுகளிலும் ஒரே அளவு வலிமை கொண்ட வரலாற்றுத் துறை எங்கும் இருப்பது அரிது. இறுதியாண்டில் ஆய்வேடு எழுதும்போது வழிகாட்டக்கூடிய விரிவுரையாளர் இருக்கிறாரா என்பதே மாணவருக்கு முக்கியம். 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சின்னப்பா அரசரத்தினம், மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி எழுதிய நூல் 1970ஆம் ஆண்டில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், இலங்கையில் டச்சுக்காரர் ஆட்சியை ஆராய்ந்து பெயர் பெற்றவர். மலாயாவுக்கு வந்த பின்னர் இங்குள்ள இந்தியச் சமூகத்தின்பாலும் அவருடைய ஆய்வு விரிந்தது. ஓர் ஆசிரியர் எங்கே இருக்கிறார், அங்கே எதை ஆராய்கிறார் என்பது மாணவர்களின் வாய்ப்பையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

மூன்றாவதாக, சான்றுகளின் இருப்பிடத்தைக் கருத வேண்டும். மருத்துவ மாணவருக்கு மருத்துவமனை எப்படியோ, வரலாற்று மாணவருக்கு ஆவணக் காப்பகம் அப்படி. மேற்குறிப்பிட்ட பண்டமாரான் மாணவி தம் ஊரின் வரலாற்றை எழுத விரும்புவதாக வைத்துக்கொள்வோம். பண்டமாரான், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுள் ஒன்று. அதன் அருகிலுள்ள கிள்ளான் துறைமுகம் 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்டது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றை அவர்கள் கோரினர். தோட்ட நிர்வாகியைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இத்தகைய வரலாற்றின் சான்றுகள் ஒரே இடத்தில் இல்லை. சிலாங்கூர் மாநிலத்தைப் பற்றிய காலனித்துவ ஆட்சிக்காலக் கோப்புகள் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இக்காப்பகம் 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் காலனித்துவ அமைச்சின் கோப்புகள் இலண்டனில் உள்ளன. தொழிலாளர்களின் சொந்த அனுபவங்களோ முதியோரின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. காகிதத்தை நூறாண்டு காக்கலாம். மனித நினைவை அவ்வாறு காக்க இயலாது. ஆகவே, கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றை ஆராய விரும்புபவர் அருகிலேயே பயின்றால், வார நாளில் காப்பகத்திற்கும் வார இறுதியில் முதியோரின் இல்லத்திற்கும் செல்ல முடியும். பினாங்கின் வணிக வரலாற்றிலோ சபாவின் பூர்வகுடியினர் வரலாற்றிலோ ஆர்வம் உள்ளவருக்கு, அதே காரணத்தால் அந்தந்த மாநிலத்துப் பல்கலைக்கழகமே பொருத்தமாகலாம்.

நான்காவதாக, மொழியைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். பயிற்று மொழி தேசிய மொழியா ஆங்கிலமா என்பதை அறிவதோடு, சான்றுகளின் மொழியையும் அறிய வேண்டும். பழைய மலாய் ஆவணங்களைப் படிக்க ஜாவி எழுத்துத் தேவை. மலாக்காவின் டச்சு ஆட்சியை ஆராய டச்சு மொழி உதவும். தமிழ் அறிந்த மாணவருக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு உண்டு. 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்', 1935ஆம் ஆண்டில் தொடங்கிய 'தமிழ் முரசு' போன்ற நாளிதழ்கள் தோட்ட மக்களின் வாழ்வைப் பதிவு செய்துள்ளன. அவற்றைப் படிக்க இயலாத ஆய்வாளர் அரசாங்க அறிக்கைகளையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கும். நிர்வாகியின் அறிக்கையும் தொழிலாளர் படித்த நாளிதழும் ஒரே நிகழ்வை வெவ்வேறு விதமாகக் கூறும்போது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவரே உண்மையை நெருங்க முடியும்.

ஐந்தாவதாக, செலவும் பயணமும் உள்ளன. கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்படும் கொமியூட்டர் இரயிலில் அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் இறங்கி, எல்.ஆர்.டி.யில் ஏறினால் இரண்டாவது நிலையம் 'யுனிவர்சிட்டி'. அங்கிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் அருகில்தான். பாங்கிக்குச் செல்ல நகரில் வேறு இரயில் மாற வேண்டும். நாள்தோறும் வீட்டிலிருந்து சென்று வந்தால் விடுதிச் செலவு மிச்சமாகும். ஆனால், பயணத்தில் பல மணி நேரம் கழியும். அந்த நேரம் நூலகத்தில் செலவிட வேண்டிய நேரம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பி.டி.பி.டி.என். கடனுதவி பெற்றவர்கள், கல்விக்கூடம் மாறினால் கடன் தொடருமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

இந்த ஐந்து கூறுகளும் எல்லாருக்கும் ஒரே அளவு முக்கியமானவை அல்ல. இடைநிலைப்பள்ளியில் வரலாற்று ஆசிரியராக விரும்புபவருக்கு, கற்பித்தல் பயிற்சியும் இணைந்த தஞ்சோங் மாலிம் படிப்பு ஏற்றதாக இருக்கலாம். ஆய்வாளராக விரும்புபவர் விரிவுரையாளரையும் காப்பகத்தையும் முதன்மையாகக் கருதலாம். குடும்பத்தின் வருமானம் குறைவாக இருப்பவர் கிரெடிட் எண்ணிக்கைக்கே முதலிடம் தரலாம். அதில் தவறேதும் இல்லை. உலகத் தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது. அப்பட்டியல் பல்கலைக்கழகம் முழுவதையும் அளவிடுமே தவிர, நாம் சேரவிருக்கும் துறையில் நம் கேள்விக்கு விடை தேட வழி உண்டா என்பதைச் சொல்லாது.

எனவே, விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் ஒரு தாளில் தம் கேள்வியை எழுதிப் பார்ப்பது மாணவருக்கு உதவும். "நான் யாருடைய வரலாற்றை அறிய விரும்புகிறேன்? அதற்கான சான்றுகள் எங்கே உள்ளன? அவற்றைப் படிக்க எனக்கு யார் கற்றுத் தருவார்?" இவற்றுக்கு விடை கண்ட பிறகு கிரெடிட், செலவு, பயணம் ஆகியவற்றை ஒப்பிட்டால், எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் தெளிவு பிறக்கும்.