நிஷிவாக்கியின் கைக்குட்டைகள்

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் காக்கோ ஆற்றை ஒட்டியுள்ள நிஷிவாக்கி நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் 'பன்ஷூ-ஓரி' எனப்படும் பருத்தி நெசவுக்குப் பெயர்பெற்றவை. துணியை நெய்து முடித்தபின் அதன்மேல் வடிவங்களை அச்சிடாமல், நூலுக்கே முதலில் சாயமேற்றி, அந்த வண்ண நூல்களைத் தறியில் நீளவாக்கில் செல்லும் பாவாகவும் அதன் குறுக்கே ஓடும் ஊடையாகவும் எண்ணிக்கை பிசகாமல் அமைத்து நெய்வதால், கோடும் கட்டமும் துணியோடு சேர்ந்தே உருவாகின்றன.

கோயில் தச்சரான ஹிதா யசுபே, கியோட்டோவின் நிஷிஜின் நெசவு நுட்பத்தை அறிந்துவந்து 1792-இல் தறி அமைத்ததே இத்தொழிலின் தொடக்கம் என்று கூறப்படுகிறது. பருத்தி விளைவதற்கேற்ற தட்பவெப்பமும், சாயமேற்றிய நூலை அலச உகந்த மென்மையான ஆற்றுநீரும் அங்கே ஏற்கெனவே இருந்தன. கோடு போட்ட பருத்தித் துணியின் மீது அக்கால ஜப்பானியர் கொண்டிருந்த மோகத்தில் சோழமண்டலக் கரைக்கும் பங்குண்டு; போர்த்துக்கீசிய, டச்சு வணிகர் கொண்டுசென்ற அத்தகைய துணிகள் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயரால் 'சந்தோமே-ஜிமா' என்று வழங்கப்பட்டதோடு, ஜப்பானிய நெசவாளர்களாலும் அவற்றைப் போலவே நெய்யப்பட்டன.

பன்ஷூ-ஓரியில் நூலுக்குச் சாயமேற்றுவது, கஞ்சி போடுவது, பாவு ஓட்டுவது, நெய்வது, நெய்த துணியைப் பதப்படுத்துவது ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் தனித்தனிப் பட்டறைகளே செய்கின்றன. இரு வண்ணச் சதுரங்கள் மாறிமாறி வரும் 'இச்சிமாட்சு' போன்ற மரபுக் கட்டங்கள் நேர்கோடுகளால் ஆனவை என்பதால் நூலுக்கு முதலில் சாயமேற்றி நெய்யும் முறைக்கு இயல்பாகவே பொருந்துகின்றன என்றாலும், பாவில் ஓர் இழை இடம் மாறினால் அப்பிழை துணியின் நீளம் முழுவதும் தொடரும். வளைவான உருவங்களுக்குப் பாவிழைகளைத் தேர்ந்து தூக்கும் ஜக்கார்டு கருவி தேவைப்படுகிறது. இக்கருவியை 1872-இல் கியோட்டோவிலிருந்து பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பப்பட்ட நெசவாளர்கள் வாயிலாக ஜப்பான் பெற்றது.

ஜப்பானின் பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் கை துடைக்கத் தாள் வைக்கப்படுவதில்லை என்பதால், அங்கே கைக்குட்டை அன்றாடத் தேவையாகவே நீடிக்கிறது. நாள்தோறும் நனைந்து, துவைக்கப்பட்டு, இருபுறமும் கண்ணில் படும் இச்சிறு துணிக்கு நூலில் சாயமேற்றும் முறையைவிடப் பொருத்தமானது வேறில்லை எனலாம். நிறமிப் பசை கொண்டு அச்சிட்ட துணியைப் போல விறைத்துப்போகாமல், பருத்தி தன் ஈரமுறிஞ்சும் இயல்பை இதில் தக்கவைத்துக்கொள்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் கட்டம்போட்ட துணிகளை வெளிநாடுகளுக்கு ஏராளமாக விற்ற இப்பகுதி, நாணய மாற்று மதிப்பு குறித்த 1985-இன் பிளாசா உடன்பாட்டை அடுத்து யென்னின் மதிப்பு உயர்ந்ததாலும், மலிவான இறக்குமதித் துணிகளின் போட்டியாலும் நலிவுற்றது. சட்டைத் துணியாக விற்கப்பட்டபோது வேறு நிறுவனங்களின் பெயருக்குள் மறைந்துபோன பன்ஷூ நெசவு, சொந்தப் பெயரோடு வாங்குபவரின் கைக்கு வந்துசேர்வதற்குக் கைக்குட்டை போன்ற சிறு பொருள்கள் வழிவகுத்துள்ளன.

இத்தகைய கைக்குட்டையை வாங்க விரும்புவோர் அதைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. அச்சிட்ட துணியின் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். வண்ண நூலால் நெய்த கட்டமோ இருபுறமும் ஒரே அழுத்தமான நிறத்தில் தெரியும்.