கடல் தரும் 52 நாள் விடுமுறை

கொச்சி: கோடை விடுமுறையில் குடும்பத்துடன் மட்டாஞ்சேரிக்கு வந்து, 1568-ல் கட்டப்பட்ட யூத ஆலயத்தையும் டச்சு அரண்மனையையும் கண்டு களித்தவர்கள், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஊர் திரும்பிவிடுகின்றனர். அருகிலுள்ள தோப்பும்படி துறைமுகத்தின் விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு அதன் பிறகே ஓய்வு.

மீன்வளத்தைக் காக்க 1988-ல் கேரளம் கொண்டுவந்த மழைக்கால இழுவலைத் தடை, 2018-ல் 52 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை படகுகள் கரையில் நிற்கும். இங்கு தொழில் செய்யும் குமரி மாவட்ட மீனவர்கள் மனைவி மக்களுடன் நீண்ட நாட்கள் கழிப்பது அப்போதுதான்.

ஆனால், கடலுக்குச் செல்லாவிட்டால் பங்குப்பணம் இல்லை. பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அந்நேரத்தில்தான் வருகிறது. கடன் வாங்கிக் கழித்த விடுமுறைக்கு, ஆகஸ்ட் முதல் உழைத்தே விலை கொடுக்க வேண்டியுள்ளது.